அக்னி நட்சத்திரத்தில் உழவர் சந்தைக்குப் போகலாமா?

கேள்வி – 2024 மார்ச் 30

மதுரைக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே உழவர் சந்தை. போன வாரம் பத்தரை மணிக்குப் போனேன். கீரை துவண்டு கிடந்தது, வெண்டைக்காய் முற்றல், பாதிக் கடை காலி. வெயில் முடிகிற வரை ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். கோடையில் சந்தையில் அப்படி என்னதான் கிடைக்கிறது?

பதில் – மார்ச் 31, காலை 9.10

பத்தரைக்குப் போனால் அதுதான் கிடைக்கும். கோடையில் சந்தையின் நேரம் ஐந்தரையிலிருந்து ஏழரை, அவ்வளவுதான். இன்று ஞாயிறு, நான் ஐந்தே முக்காலுக்கு அண்ணா நகர் சந்தையில் இருந்தேன். முருங்கைக்காய் கட்டுக் கட்டாகக் குவிந்திருக்கிறது, சுரைக்காய், பூசணி, சீனியவரைக்காய், பிஞ்சுக் கத்திரி, வெள்ளரிப்பிஞ்சு, எலுமிச்சை, அப்புறம் ஒரு கூடை நிறைய மாவடு. மாவடுவைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது, இரண்டு கிலோ வாங்கிவிட்டேன்.

ஏசி விஷயம். கத்திரி, வெண்டை, வெள்ளரி, தக்காளி, மாங்காய் எல்லாம் வெயிலில் வளர்கிற சாதி, இவற்றுக்குக் கடும் குளிர் ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே சில நாள் வைத்தால் வெள்ளரியில் குழி விழும், கத்திரியின் விதை கறுக்கும், தக்காளியின் வாசனை போய்விடும். குளிர்ப்பெட்டியில் பளபளவென்று இருக்கிற காயை எடுத்து வந்து சமைத்துப் பாருங்கள், சப்பென்று இருக்கும். கீரை துவண்டது வேறு கதை. அது நீர் வற்றியதால் துவண்டது, கெட்டுப்போனது இல்லை. வேரோடு வாங்கி வந்து வேரைத் தண்ணீரில் நிறுத்தினால் அரை மணியில் நிமிர்ந்துவிடும்.

வெண்டைக்காய்க்கு நுனியை ஒடித்துப் பாருங்கள், பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பதினோரு மணிக்குப் போங்கள், பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

மார்ச் 31, இரவு

பை எடுத்துப் போகச் சொல்ல மறந்துவிட்டேன். 2019 ஜனவரியிலிருந்து பாலித்தீன் பைக்குத் தடை இருக்கிறது, விவசாயிகள் கையில் பை இருக்காது. இரண்டு துணிப்பை வேண்டும். ஒன்று கனமான காய்க்கு, இன்னொன்று கீரைக்கும் தக்காளிக்கும். பூசணிக்கு அடியில் தக்காளியைப் போட்டு ஸ்கூட்டரில் தொங்கவிட்டால் வீட்டுக்கு ரசம்தான் வந்து சேரும்.

ஏப்ரல் 3

மாவடு எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாச்சி போட்ட முறை இது. வடு உருண்டையாக, கட்டைவிரல் அளவில், காம்போடு இருக்க வேண்டும். காம்பு உதிர்ந்ததும் அடிபட்டதும் ஜாடிக்குள் போகக் கூடாது, ஒன்று அழுகினாலும் மொத்தத்தையும் கெடுத்துவிடும். காம்பில் அரை அங்குலம் விட்டுக் கிள்ள வேண்டும். ஒட்டக் கிள்ளினால் பால் பீய்ச்சும், முகத்தில் பட்டால் தோல் வெந்துவிடும்.

கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி, ஈரம் போக உலர்த்துங்கள். அப்புறம் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு வடுவாக உருட்ட வேண்டும். இரண்டு கிலோ உருட்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உருட்டினேன், எண்ணெய் பட்டதும் பச்சை இருண்டு, கூழாங்கல் மாதிரி மினுங்கியது. பிறகு கல்லுப்பு ஒரு அடுக்கு, வடு ஒரு அடுக்கு. தினம் காலையில் ஜாடியைக் குலுக்க வேண்டும். மூன்றாம் நாளே தண்ணீர் விட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, மஞ்சள். என் ஜாடிக்கு இன்று மூன்றாம் நாள், அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கிறது.

ஏப்ரல் 7

"விலைப் பலகையில் எழுதியிருப்பதை நம்பலாமா, பேரம் பேசலாமா?"

நம்பலாம். அந்தப் பலகைதான் உழவர் சந்தைக்கே உயிர். அன்றன்று காலை மொத்த விலையை விசாரித்து, அதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும் வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் வைப்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள கணக்கு. இடைத்தரகர் எடுத்துக்கொள்வதை விவசாயியும் நாமும் பாதிப் பாதி பிரித்துக்கொள்கிறோம். கடைக்கு வாடகை கிடையாது, தராசு சந்தையிலேயே தருவார்கள். நிலம் இருக்கிறதா, என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்துத்தான் அடையாள அட்டை கொடுப்பார்கள்.

இதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதே அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று அப்போதைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தது. அதே வருடம் ஜனவரியில் ஆந்திராவில் இதே மாதிரி ரைத்து பஜார் வந்திருந்தது, அதற்கும் முன்னால் பஞ்சாப் பக்கம் அப்னி மண்டி. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சைக்கிளில் போய் ஒரு பெரிய வெள்ளைப் பூசணியோடு வந்தார். எதற்கு இவ்வளவு பெரியது என்று அம்மா கேட்டதற்கு, "விளைவிச்ச ஆளே கையில தூக்கிக் குடுத்தாரு, வேண்டாம்னு சொல்ல முடியல" என்றார். அந்த வாரம் முழுக்க மோர்க்குழம்புதான்.

பேரம் பேசாதீர்கள். பலகை விலைக்கே வாங்குங்கள்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. நாலரைக்கே சந்தையில் கூட்டம். வேப்பம்பூ சின்னச் சின்னக் கூறாக வைத்திருந்தார்கள், மாங்காய்ப் பச்சடிக்கு மாங்காய் தேடி அலைய வேண்டியிருந்தது. இந்த வருடம் மாங்காய் வரத்து மந்தம். பூத்ததெல்லாம் வெயிலில் கருகி உதிர்ந்துவிட்டது என்று நத்தம் பக்கத்திலிருந்து வருகிறவர் சொன்னார்.

கத்திரிக்காய் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஓட்டை இருந்தால் பயப்படாதீர்கள். ஓட்டை என்றால் மருந்து அடிக்காத காய் என்று அர்த்தம், அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாம்.

ஏப்ரல் 16

மேலே கத்திரிக்காயைப் பற்றி எழுதியது தவறு. பல வருடமாக நான் நம்பிய விஷயம் அது, இன்று கத்திரிக்காய் விற்கிற அண்ணனிடம் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு ஒரு காயைப் பிளந்து காட்டினார். காய்த்துளைப்பான் புழு பிஞ்சிலேயே உள்ளே போய்விடும், அதன் பிறகு மேலே என்ன தெளித்தாலும் அதன்மேல் படாது. "ஓட்ட இருக்குற காயிலயும் மருந்து இருக்கும், இல்லாத காயிலயும் இருக்கும்மா. ஓட்டைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." அவர் கத்திரியில் இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கிறாராம், அந்துப்பூச்சி அதில் விழுந்துவிடும், தெளிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது என்றார். ஓட்டையைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டு இனி ஆளிடமே கேட்டுவிடுங்கள். விளைவித்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் சொல்லப்போகிறார்.

காம்புத் தொப்பி பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருந்தால் இன்று பறித்தது. அது மட்டும் சரிதான், அவரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஏப்ரல் 24

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரே தண்ணீர்ப் பந்தலும் பானகமுமாக இருந்தது. சந்தை வாசலுக்கு வெளியே நுங்கு வண்டி, எனக்கு முன்னால் பதினைந்து பேர்.

நுங்கில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பனங்காயில் பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். இளநுங்கு என்றால் கட்டைவிரலை உள்ளே விட்டால் தண்ணீர் தெறிக்க வேண்டும், கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் மங்கலாகத் தெரியும். ஒரு வாரம் தள்ளிவிட்டால் வெள்ளை ஏறிக் கடுக்காய் ஆகிவிடும், தின்றால் வயிறு வலிக்கும். ஏற்கெனவே நோண்டி எடுத்துக் கவரில் கட்டி வைத்ததை வாங்கவே வாங்காதீர்கள். கண் முன்னால் சீவச் சொல்லுங்கள். அரிவாள் உச்சியில் படும்போது மூன்று கண்ணும் ஒரே வீச்சில் திறக்கும், அப்போதே இளசா முற்றலா என்று தெரிந்துவிடும். மேலே இருக்கிற மெல்லிய தோலை உரித்துவிட்டுத்தான் சிலர் தின்பார்கள். நான் தோலோடு தின்கிறேன், அந்தத் துவர்ப்பு எனக்கு வேண்டும்.

எல்லாப் பனையும் நுங்கு தராது, பெண்பனை மட்டும்தான் காய்க்கும். ஏறுவதற்கு ஆள் இல்லை என்று வண்டிக்காரர் சொன்னார். அவர் ஊரில் ஏறத் தெரிந்தவர் இப்போது இரண்டே பேர், இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

மே 5

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. இன்று ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்பிவிட்டுச் சந்தைக்குப் போகும்போது பதினொன்று ஆகிவிட்டது. மார்ச்சில் நானே சொன்ன நேரம்தான், பாதி விலைக்குக் கிடைக்கும் என்றேன் அல்லவா.

கிடைத்தது. பாலமேட்டுப் பக்கமிருந்து வருகிற ஒரு அப்பத்தா, என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார், சீனியவரைக்காய் நாலு கிலோ மிச்சம் வைத்துக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார். கூரை இருந்தாலும் தகரம் காய்ந்து அனல் கீழே இறங்குகிறது. "எல்லாத்தையும் எடுத்துக்க தாயி, குடுக்குறதக் குடு" என்றார். எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டேன். நேற்று சாயங்காலம் பறித்தது, ராத்திரி ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்து, மூன்றரைக்கு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு மட்டும் மிச்சம். மிஞ்சியதைத் திரும்பத் தூக்கிப்போக முடியாது, போனாலும் நாளைக்கு விற்காது, மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

பலகையில் இருந்த விலையைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் திரும்பத் திரும்பக் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், நான் கையை மூடிக்கொண்டேன். ஏப்ரல் 7 அன்று பேரம் பேசாதீர்கள் என்று எழுதினேன், அதற்கு ஒரு வாரம் முன்னால் பதினோரு மணிக்குப் போங்கள் என்று எழுதினேன். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பதினோரு மணிக்குக் கிடைக்கிற பாதி விலையும் பேரம்தான், நமக்காக வெயில் பேசுகிறது. மலிவாகக் கிடைக்கும் என்பதற்காகத் தாமதமாகப் போகாதீர்கள். தாமதமானால் பலகை விலைக்கு வாங்குங்கள்.

நாலு கிலோவையும் இரண்டாக நறுக்கி, உப்புப் போட்டு அரை வேக்காடு வேகவைத்து, வடிகட்டி மாடியில் வத்தல் காயப் போட்டிருக்கிறேன்.

மே 6

வெண்டைக்காய் நுனியை ஒடிக்கச் சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நேற்று அந்த அப்பத்தாவுக்குப் பக்கத்துக் கடையில் நுனி ஒடிந்த காய் தனியாக ஒரு குவியல் கிடந்தது, யாரும் வாங்கவில்லை. ஆளுக்கு நாலு ஒடித்தால் கால் கிலோ போகிறது அவருக்கு. ஒடிக்காமலே கண்டுபிடிக்கலாம். விரல் நீளத்துக்குள், மேலே மெல்லிய சுணை இருந்தால் பிஞ்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிற காய் இது, கோடையில் ஒரு பறிப்பு தவறினால் நார் ஓடிவிடும். எப்போது பறித்தது என்று கேட்டாலே போதும்.

மே 12

மாம்பழம். வரத்து குறைவுதான், ஆனாலும் செந்தூரமும் கல்லாமையும் வந்துவிட்டன, இமாம் பசந்த் ஒரே ஒருவரிடம் பார்த்தேன். கல்லாமையைப் பழுக்க விடாதீர்கள், செங்காயாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்பதற்குத்தான் அது.

கல் வைத்த பழம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்க வைப்பது உணவுப் பாதுகாப்பு விதிப்படி தடை செய்யப்பட்டது. ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு வரும், கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடும் இருக்கும். எத்திலீன் வாயு வைத்துப் பழுக்க வைக்க அனுமதி உண்டு, பழம் தானாக விடுகிற வாயுவும் அதுதான். கல் வைத்த பழம் உச்சி முதல் அடி வரை ஒரே மஞ்சளாக இருக்கும், காம்பில் மூக்கை வைத்தால் வாசனை வராது, வெட்டினால் கொட்டை ஓரம் வெளுத்துப் புளிக்கும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், இமாம் பசந்த் நன்றாகப் பழுத்தாலும் பச்சையாகத்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த நல்ல வழி, சந்தையில் விளைந்த காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைப்பது. காம்புக்கு இரண்டு பக்கமும் தோள் ஏறி, காம்பு குழிக்குள் உட்கார்ந்திருந்தால் விளைந்தது. அரிசி டப்பாவில் புதைத்து வையுங்கள், நாலைந்து நாளில் டப்பாவைத் திறக்காமலே சமையலறைக்குத் தெரிந்துவிடும். பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அப்புறம் அது பழுக்கவே பழுக்காது.

மே 13

"கேரட், பீன்ஸ் விற்கிறவரும் விவசாயியா? மதுரையில் கேரட் விளையுமா?"

விளையாது, கொடைக்கானல் பக்கம்தான் விளையும். நான் போகிற சந்தையில் மலைக்காய்க்குத் தனிக் கடை உண்டு, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வேறொரு சந்தையில், எது என்று சொல்ல மாட்டேன், ஒரே ஆள் தக்காளி, கேரட், முட்டைக்கோஸ், எலுமிச்சை, பீட்ரூட் என்று பதினைந்து வகை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்டால் பதில் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, அந்த இடம் பாலமேட்டு அப்பத்தா மாதிரி ஒருத்தருக்கு உரியது. அன்றிலிருந்து இரண்டு மூன்று வகை மட்டும், ஒரே பருவத்தில் பறித்த காய் வைத்திருக்கிறவரிடம்தான் முதலில் நிற்கிறேன். ஒரே அளவில் பொறுக்கி அடுக்கிய காயைப் பார்த்தால் நகர்ந்துவிடுகிறேன். தோட்டத்துக் காய் பெரிசும் சிறிசுமாகத்தான் வரும்.

மே 20

மழை! மூன்று நாளாக. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை, மாடியில் இருந்த வத்தல் பாதி நனைந்துவிட்டது. ஓடிப்போய் அள்ளுவதற்குள் ஊறிவிட்டது. நனையாததை உலர்ந்த கடாயில் லேசாகப் புரட்டி டப்பாவில் போட்டேன், நனைந்ததை அன்றைக்கே புளிக்குழம்பில் போட்டேன், நன்றாகவே இருந்தது.

கொத்துமல்லி கொசுறு கேட்காதீர்கள், இதைச் சொல்ல ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். மழை மாதத்தில் கேளுங்கள், அள்ளிக் கொடுப்பார்கள். கோடையில் கொத்துமல்லி சூடு தாங்காமல் இலை வைக்கும் முன்னே பூத்துவிடும், அதனால்தான் கட்டு அந்த விலை விற்கிறது. கறிவேப்பிலை கேட்கலாம், அதைக் கேட்காவிட்டாலும் தருவார்கள்.

ஜூன் 9

தக்காளி ஏறுகிறது. போன வருடம் ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியதும் ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்கு விற்றதும் ஞாபகம் இருக்கும். தக்காளிப் பூ கடும் வெயிலில் பிஞ்சு பிடிக்காது, ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் பூ அப்படியே உதிரும். ஏப்ரல், மே வெயிலில் உதிர்ந்த பூவுக்கு நாம் ஜூன், ஜூலையில் காசு கொடுக்கிறோம். தக்காளி விற்கிறவர் பாவம், விலை ஏறும்போது அவரிடம் காய் இல்லை, காய் இருந்த மார்ச்சில் விலை இல்லை. இரண்டு மாதத்துக்குத் தக்காளியைக் குறைத்துப் புளியையும் மாங்காயையும் வைத்துச் சமாளிக்கலாம். மாங்காய் போட்ட முருங்கைக்காய் சாம்பாருக்குத் தக்காளி எதற்கு?

ஜூன் 23

நாவல்பழம் வந்துவிட்டது, ஒரு படி வாங்கினேன். நுங்கு வண்டிக்காரர் இன்று கடுக்காய்தான் வைத்திருந்தார், நான் கேட்கும் முன்பே "வேணாம்மா, முத்திருச்சு" என்று அவரே சொல்லிவிட்டார். அடுத்த மார்ச்சில் பார்க்கலாம்.

மார்ச்சில் கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருந்தார், இப்போது ஆறு மணிக்குப் போகிறாராம், பாலமேட்டு அப்பத்தாவிடம்தான் வாங்குகிறாராம். என்னை விட்டுவிட்டு அவருக்கு எடுத்து வைக்கிறார் போல, போன வாரம் எனக்குப் பிஞ்சு பீர்க்கங்காய் கிடைக்கவில்லை!

மாவடு சுருங்கி, நீர் கறுத்து, நன்றாக ஊறிவிட்டது. தயிர்ச்சாதத்தோடு கடித்தால் முதலில் உப்பு, அடுத்து கடுகு ஏறும், கடைசியில் பிஞ்சுக் கொட்டையின் துவர்ப்பு. ஜாடியில் இன்னும் கால் பங்கு இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிறு காலை அப்பத்தாவிடம் கொடுக்க.